முப்பத்தொரு வருஷத்து மாப்பிள்ளை

கெட்ரஸுக்கும் கன்யிமாவுக்கும் ஆறு பிள்ளைகள், நான்கு பேரப்பிள்ளைகள், கபாலே மலைச்சரிவில் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம். இல்லாதது கோயில் கல்யாணம் மட்டும். அது ஆகாதவர்களுக்கு எங்கள் சபையில் திருவிருந்து கிடையாது. முப்பத்தொரு வருஷமாக மற்றவர்கள் பந்திக்கு எழுந்து போகும்போதெல்லாம் கெட்ரஸ் பெஞ்சிலேயே இருந்து, அவர்கள் தாண்டிப் போக முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தாள்.

கன்யிமா ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கூரைக்குத் தகரம் போடட்டும் என்றான், மூத்தவள் படிப்பு முடியட்டும் என்றான், மாடு ஈனட்டும் என்றான். தகரம் துருப்பிடித்தது. மூத்தவளுக்கே மூன்று பிள்ளைகள். மாடு ஏழு தடவை ஈன்றாயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில்தான் போதகர் இப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடிப் பிடிப்பார். கர்த்தர் வரும்போது வீடு ஒழுங்காக இருக்க வேண்டுமாம். இந்த வருஷம் கன்யிமா எப்படியோ தலையாட்டிவிட்டான். மூன்று ஞாயிறும், தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசித்தார்கள். நான்காம் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ஏழு ஜோடிகளுக்குக் கல்யாணம்.

இரவல் வாங்கிய கோமசி உடுப்பில், அதன் தோள் இரண்டும் விறைத்து நிற்க, காலை எட்டு மணிக்கே கெட்ரஸ் வந்து உட்கார்ந்தாள். மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போன கன்யிமாவை மத்தியானம் வரை காணோம். போதகரோ, மணவாளன் வரத் தாமதிக்க, எண்ணெய் வைத்திருந்த புத்தியுள்ள கன்னிகைகளும் இல்லாத மற்றவர்களும் விளக்கோடு காத்திருந்த கதையைப் பிரசங்கத்துக்கு எடுத்திருந்தார். அன்னையர் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி கெட்ரஸைப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு பெனினா மெல்ல நகர்ந்து வந்தாள். "எட்சன் அம்மா, உன் விளக்குல எண்ணெய் இருக்கா?"

"எண்ணெய் இருக்கு. எனக்குத்தான் முடியல. அந்தக் கதையில புத்தியுள்ளவளுங்களும் தூங்கத்தானே செஞ்சாளுங்க? போதகர் அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு."

சொன்னபடியே செருப்பைக் கழற்றி, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆறு ஜோடிகளுக்கு மோதிரம் மாட்டி முடிந்தது.

கன்யிமா எங்கும் போய்விடவில்லை. கோயிலுக்கு மேலேயுள்ள மேட்டில், யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால், புதுக் கோட்டோடு நின்றிருந்தான். வெளியே போய்வந்த எல்லோரும் பார்த்தார்கள்; கெட்ரஸிடம் சொன்னவர் யாருமில்லை. அவனுக்குக் கல்யாணத்தில் பயமில்லை, எங்கள் கேலி வாய்க்குத்தான் பயம். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் கலைந்த பிறகு இறங்கி வந்தான். போதகர் பதிவேட்டை மூடப்போகும் நேரத்தில் அவள் தோளை அசைத்தான்.

"எழும்பு. வந்துட்டேன்."

கெட்ரஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்களுக்குக் காத்திருந்ததுலயே என் பொறுமையெல்லாம் தீர்ந்துபோச்சு, எட்சன் அப்பா. அவருக்குன்னு காத்திருக்க ஒண்ணும் மிச்சமில்ல."

குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். 'அவர்' என்றது கர்த்தரை என்று கன்யிமாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தொப்பியைக் கழற்றினான்.

வீங்கிய காலில் செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு நடந்தாள். அவன் உறுதிமொழியை முணுமுணுக்க, போதகர் மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை வாசலில் நின்ற பெனினாவுக்கே கேட்டது. ஆகவே ஊருக்கும் கேட்டது.

மறுநாள் திருவிருந்துக்குக் கெட்ரஸ் மற்றவர்களோடு எழுந்து போய், பீடத்துக்கு முன்னுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு மண்டியிட்டாள். ஏதோ பெரிதாக நடக்கும் என்று நினைத்திருந்தாள், நடக்கவில்லை. 'கர்த்தர் வருமளவும்' இதைச் செய்கிறோம் என்று போதகர் வாசித்தார். பெஞ்சிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான், அடுத்தவர்களுக்குச் சொன்னதாக. இப்போது அவளுக்கும் சொன்னார்கள். இங்கே வந்து சேர்ந்ததும் இன்னொரு காத்திருப்புக்குத்தானா?

"இன்னுமா?" என்று அவள் முணுமுணுத்ததாகப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெனினா சத்தியம் செய்கிறாள்.

அப்புறம் அப்பத்துக்காக இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாளாம்.