மேய்ச்சலுக்குப் போன குதிரை

அந்தக் குதிரையேற்றப் பத்திரிகையில் எந்தக் குதிரையும் சாவதில்லை. தடையைத் தாண்டும்போது மோதிக் கழுத்தொடிந்து விழுந்தாலும் அடுத்த இதழில் அது ஓய்வு பெற்றுவிடும். அப்படித்தான் எழுத வேண்டுமென்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோரும் எழுதினார்கள். "நம்ம ஆபீஸ்ல எமனுக்கு வேலையே கிடையாது" என்பார் பிழைதிருத்துபவர்.

வெள்ளிவிழா மலருக்குப் பத்திரிகையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு மாப்பிள்ளையிடம் வந்தது. ஆசிரியரம்மாவின் மகளைக் கட்டியவர் என்பதால் அலுவலகமே அவரை அப்படித்தான் அழைத்தது. பழைய கோப்புகளைப் புரட்டியபோது, விழுந்து கிடக்கும் செம்பழுப்புப் பெண்குதிரையைத் தார்ப்பாயால் மூடுகிற, அச்சேறாத படம் ஒன்று அகப்பட்டது. அதை உறைக்குள் திருப்பி வைத்துவிட்டு, 'மலைப்பண்ணையின் மாலை வெயிலில் அவள் இன்றும் மேய்கிறாள்' என்று எழுதினார். பழைய இதழில் ஓய்வு மட்டுமே இருந்தது. மலையும் வெயிலும் அவருடைய கைச்சரக்கு. வாக்கியம் அருமை என்று எல்லோரும் மெச்ச, அவரும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டார்.

மலர் வெளியான வாரமே ஒரு பெண் கைத்தடி ஊன்றி மாடியேறி வந்தாள். அந்தக் குதிரையோடு விழுந்தவள் அவள்தான். நினைவு திரும்பியபோது, குதிரையை எங்கோ பண்ணைக்கு அனுப்பிவிட்டதாக வீட்டார் சொன்னார்களாம். தோளில் தொங்கிய பை நிறைய கேரட்.

"உங்க மலரைப் பார்த்ததுலேருந்து எனக்கு இருப்பே கொள்ளல. வண்டி கீழ நிக்குது. வழி மட்டும் சொல்லுங்க, போதும்."

ஆசிரியரம்மா அசரவில்லை. "ரொம்ப தூரம்மா. பாதையும் சரியில்ல. இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கு அலையணும்?"

"குதிரை மேலேருந்து விழுந்து எந்திரிச்ச கால் இது. பாதை என்ன பண்ணிடும்?"

பிழைதிருத்துபவர் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆசிரியரம்மா புன்னகை மாறாமல் திரும்பினார். "எழுதினது இவருதான். மாப்பிள்ளை, ஏதாவது சொல்லி அனுப்பி வைங்க."

"நீங்கதானா? அந்த வரியை என் பொண்ணு மனப்பாடமாவே சொல்றா. நேர்ல பார்த்தீங்களா? நல்லா மேய்ஞ்சிட்டிருந்துச்சா?"

மாப்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. படத்தைப் பார்த்த கண்ணால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மழைக்காலம், தொற்றுநோய், வெளியாருக்கு அனுமதியில்லை என்று அடுத்த பொய்யும் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அது அவ்வளவு சரளமாக வந்து நின்றதில்தான் அவர் உடம்பெல்லாம் கூசிப்போனார்.

எழுந்து நின்றார்.

"பண்ணைன்னு ஒண்ணு கிடையாதும்மா. நான் எழுதினது பொய். உங்க குதிரை அன்னைக்கே, அந்தத் தடைக்குப் பக்கத்துலயே செத்துப்போச்சு."

"மாப்பிள்ளை!" என்றார் ஆசிரியரம்மா.

"செத்துப்போச்சு, அத்தை. அடுத்த இதழ்ல அப்படியேதான் போடப்போறேன்."