கட்டி பேசிய பேச்சு

அறுவை அரங்குக்கு வெளியே பஞ்சவர்ணம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புருஷன் நல்லசிவத்தின் சட்டை. பிழைக்க வந்த இந்த வியட்நாம் ஊரில், பென் தான் சந்தைப் பக்கத்து மாரியம்மன் கோயில் குங்குமத்தை அவன் நெற்றியில் இட்டிருந்தாள். அதை நர்ஸ் ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சமையல்கட்டில் வேலை பார்க்கும் ஹோட்டலின் கல்லாவில் இருக்கும் ரோஸ் துணைக்கு வந்திருந்தாள். அவள் தாத்தா காரைக்கால்காரர். அந்த வழியில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வியட்நாமியில் சொன்னதை அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

"மூக்குக்கு மேல, மண்டைக்கு அடியில கட்டி. எலுமிச்சம்பழம் மாதிரி. முன்மூளையை நெருக்குது. அதான் அண்ணனுக்கு வாசனை இல்ல. கோவம், பேச்சு எல்லாம் மாறிச்சு. எடுத்தா பழைய ஆளா வருவார். வாசனை மட்டும் வராது."

பழைய ஆள் என்றால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். விசா வேலை என்று சொல்லி முதலாளி சிவசுப்பிரமணியன் வாங்கிப் பூட்டிவைத்த இருவர் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கேட்க அவனுக்கு நாக்கு எழுந்ததே இல்லை. பெற்ற தாய் செத்தபோதும் ஊருக்குப் போகாமல் அடுப்படியில் நின்று அழுதான்.

இந்த வருஷம்தான் சாம்பார் அடிப்பிடித்துப் புகைந்தாலும் தெரியாமல் நின்றான். ஒருநாள் சாப்பிட வந்தவர்கள் முன்னால் கல்லா மேசையைக் குத்தினான். "எங்க பாஸ்போர்ட்டக் குடுய்யா. எம்மவ மாசமா இருக்கா. குடுக்கலன்னா போலீசுக்குப் போவேன்."

முதலாளி அரண்டுபோய், மகள் பிரசவத்துக்கு இருவரையும் ஊருக்கு அனுப்பிவைப்பதாக ஒப்புக்கொண்டார். பஞ்சவர்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் அவன் வலிப்பு வந்து விழுந்தான்.

அறுவை முடிந்து, காதிலிருந்து காதுவரை தையல் போட்ட தலையோடு கிடந்தவன், பார்க்க வந்த முதலாளியைக் கண்டதும் கை கூப்பினான்.

"மன்னிச்சிருங்க முதலாளி. மரியாத இல்லாம என்னென்னமோ பேசிட்டேன்."

"அது நீ பேசுனதில்லடா. கட்டி பேசுனது. அதான் எடுத்தாச்சே" என்றார் முதலாளி.

ஊருக்கு அனுப்புவதாகச் சொன்ன சொல்லையும் கட்டியோடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்பது பஞ்சவர்ணத்துக்கு அப்போது தெரியவில்லை.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் அடுப்படிக்குத் திரும்பினான். மாவாட்டுகிற வேலையோடு, பக்கத்தில் நின்று மோந்து பார்த்துச் சொல்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. மகளுக்கு நாள் நெருங்கியது. முதலாளி மூச்சுக்காட்டவில்லை.

"நீங்க கேளுங்களேன்" என்றாள்.

"வைத்தியத்துக்குக் காசு குடுத்த மனுசன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் புள்ள கேக்குறது?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"பாஸ்போர்ட்டக் குடுங்க. எம்மவ பிரசவத்துக்கு நான் போவணும். குடுக்கலன்னா போலீசுக்குப் போவேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி இந்தத் தடவை பயப்படவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"நல்லசிவம், இவ தலையையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்டா."

ரோஸ் தலை குனிந்துகொண்டாள். நல்லசிவம் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். முகம் வெளிறிப்போய், அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"தல வலிக்குதா புள்ள? வாசனையெல்லாம் தெரியுதா?"

உள்ளே பருப்பு கருகிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.