அரக்குப் பேனாவின் கீழே ஓர் அட்டை

என் அண்ணனின் கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஐந்து மரப் பேனாக்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. பேனாவுக்குப் போடும் பூச்சு எப்படியெல்லாம் மாறி வந்தது என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறானாம். முதலாவது ஆளி விதை எண்ணெய். மரத்தின் நிறம் அழகாக எழும், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணெய் கேட்கும். இரண்டாவது தேன்மெழுகு. தொட்டால் சுகமாக இருக்கும், வியர்க்கிற கையில் ஒரு மாதம் தாங்காது. நான்காவது லேக்கர், ஸ்பிரிட்டுக்கும் அசையாத கெட்டி வார்னிஷ். ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொன்று என்று ஒரு வாரம் உயிரை வாங்கும். ஐந்தாவது, உடைந்த பொம்மையை ஒட்டுகிறோமே, அதே சூப்பர் குளூ. கடைசல் லேத்தில் மரம் சுற்றச் சுற்ற மெல்லிசாகப் பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்தால், அரை மணியில் முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்பால்தான் அண்ணனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வந்தது.

மூன்றாவதை வேண்டுமென்றேதான் விட்டேன். அது நான் செய்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டு, சுற்றுகிற மரத்தில் வைத்து எடுத்த மெருகு. இப்போது அது வெள்ளை பூத்துப் பிசுபிசுவென்று கிடக்கிறது. யாருடைய கட்டைவிரலோ மேலே அப்படியே பதிந்திருக்கிறது. அட்டையில் இப்படி எழுதியிருக்கிறான்: 'அரக்கு. தங்கை செய்தது. கை பட்டதும் இளகியது.'

பதினோரு வருடமாக அந்த அட்டை அங்கே இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்குப் பெயர் 'பிசுக்கு'.

நடந்தது இதுதான். அப்போது அப்பா மரத்தைக் கடைவார், நான் மெருகு போடுவேன், அண்ணன் ஆர்டர் பிடித்து வருவான். ஒருநாள் இருநூறு பேனா என்று வந்து நின்றான். யாருக்கு என்று கேட்டேன். பூச்சு போடுகிறவள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

"டீச்சருங்களுக்கு. சீக்கிரம் முடிச்சுக் குடு," என்றான்.

சாக்பீஸ் பிடிக்கிற உலர்ந்த கைக்கு அரக்கு போதும் என்று போட்டேன். போய்ச் சேர்ந்ததோ ஆஸ்பத்திரிக்கு. நாள் முழுக்க ஸ்பிரிட் விட்டுக் கை துடைக்கிறவர்கள். அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்தான்! இரண்டே வாரத்தில் இருநூறு பேனாவும் பிசுக்கோடு திரும்பி வந்தன.

"ஆஸ்பத்திரிக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ப்பா, இவ காதுலயே போட்டுக்கல," என்று அண்ணன் அப்பாவிடம் சொன்னான். கொஞ்சம்கூட நாக்கு கூசவில்லை. நான் கத்தினேன், அழுதேன். என் பக்கம் சாட்சி சொல்ல யார் இருந்தார்கள்? பட்டறையை விட்டு வெளியே வந்தேன். மறுவருடம் அப்பா படுத்த படுக்கையானபோது பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருந்துச்சு இந்தக் கை," என்றார். அதோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நான் வீட்டு முன்னறையில் பேனா பழுது பார்க்கிறேன். சில வருடங்களாக என்னிடம் அதிகம் வருவது அந்தக் 'கண்ணாடி' செய்த பேனாக்கள்தான். மரத்தின் முனையில் முதலில் ஒரு வெள்ளை வளையம் தெரியும், பிறகு பூச்சு பாம்புச் சட்டை போல முழுசாகக் கழன்று வரும். முதல் பேனாவிலேயே காரணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. லேத்தில் மரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள 'புஷ்' என்று இரும்பு வளையம் இருக்கும். பசை அதில் ஒட்டாமலிருக்க மெழுகு தடவுவார்கள். இவன் தாராளப் பிரபு. தடவுகிற மெழுகு மரத்தின் முனைக்கும் ஏறிவிடுகிறது. மெழுகின் மேல் பசை எப்படி நிற்கும்? பசை போடும் முன், மெழுகை எடுக்கிற அசிட்டோனால் முனையை ஒரு துடை துடைத்தால் போதும். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. கழன்ற தோல்களை ஒரு ஜாம் பாட்டிலில் சேர்த்துக்கொண்டே வந்தேன். வஞ்சம் என்றால் வஞ்சம்தான், எனக்கு அதில் வெட்கமில்லை.

போன வாரம் வயதான ஒரு டாக்டரம்மா வந்தார். கையில் அண்ணன் கடைப் பேனா ஒன்று, தோல் உரிந்து.

"இந்த ஆளுகிட்ட எனக்கு ராசியே இல்ல," என்று சிரித்தார். "முன்னாடி எங்க ஆஸ்பத்திரிக்கு இருநூறு பேனா வாங்கினோம், எல்லாம் கையோட ஒட்டிக்கிச்சு. நாங்க நாளெல்லாம் ஸ்பிரிட்ல கை துடைக்கிறவங்க, அதுக்குத் தாங்கணும்னு நான்தான் அவர்கிட்ட நேர்ல சொன்னேன். ஒரு மாசம் ஆனாலும் பரவாயில்லன்னேன். அவர்தான், எங்க வேலை அப்படி, பத்தே நாள்ல தர்றேன்னு ஜம்பம் அடிச்சார்."

கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரி என்றால் நான் லேக்கர்தான் போடுவேன், அதற்கு ஒரு மாதம் கேட்பேன். அது தெரிந்துதான் டீச்சர் என்று சொல்லியிருக்கிறான். அவன் ஜம்பத்துக்காக என் கை கெட்ட பெயர் வாங்கியது. எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

"இதை அங்க வந்து சொல்லுவீங்களாம்மா?"

"இப்பவே வர்றேன்," என்றார். ஜாம் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் நாலைந்து பேர் பேனா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் அண்ணி. என்னைக் கண்டதும் அண்ணன் எழுந்தான். டாக்டரம்மாவைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"உள்ள வா, உக்காந்து பேசலாம்."

"பெட்டியை வாசல்லதானே வச்சிருக்க? இங்கேயே பேசுவோம்."

டாக்டரம்மா சொன்னார். என்னிடம் சொன்னது போலவே, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கண்ணாடிப் பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றான்.

அண்ணிதான் முதலில் அசைந்தாள். இத்தனை வருடம் என்னோடு பேசாதவள், ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "எழுதுங்க," என்றாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினான்: 'அரக்கு. தங்கை செய்தது. ஆஸ்பத்திரிக்கு என்று அவளிடம் சொல்லாமல் மறைத்தது நான்.' எழுதிய பேனாவின் மர முனையிலும் வெள்ளை வளையம் தெரிந்தது.

ஜாம் பாட்டிலைத் திறந்து அவன் மேசையில் கவிழ்த்தேன். உரிந்த தோல்கள் சலசலவென்று விழுந்தன. ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"எல்லாமே என்னுதா?"

"எல்லாமே உன்னுதுதான்."

"பசையை மாத்திப் பார்த்தேன், மரத்தை மாத்திப் பார்த்தேன். ஒண்ணும் புரியல," என்றான். "ஏன் உரியுதுன்னு உனக்குத் தெரியும். நீ கேட்டதை எழுதிட்டேன்ல? சொல்லும்மா."

"சொல்றேன்," என்றேன். மை காயாத அட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். "மொதல்ல இதை அப்பா படத்து முன்னாடி படிச்சுக் காட்டிட்டு வா."