உஸ், பதிவாவுது

பீங்கான் கம்பெனிச் சூளையில் வேலை பார்த்த திருமால், ஞாயிறுதோறும் வானொலியில் வந்த கிராமியப் பாட்டுத் தொடரை அந்தக் காலத்தில் ஒரு வாரம் விடாமல் கேசட்டில் பிடித்தவர். ஒயரெல்லாம் கிடையாது, ரேடியோவுக்கு எதிரில் டேப்ரிக்கார்டரை வைத்து அமுக்கிவிடுவார். கேட்டவனுக்கெல்லாம் இரவலும் கொடுத்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

மனைவி செல்வநாயகி இறந்த பிறகு அவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். பாட்டு யாருக்கு வேண்டும்? வீட்டுச் சத்தத்தோடு அவள் பேச்சும் எதிலாவது விழுந்திருக்காதா?

சேத்தியாத்தோப்பில் சவுண்டு சர்வீஸ் பழமலைநாதனிடம் ஒரே ஒரு கேசட்டு அகப்பட்டது. அவரே போட்டுக் காட்டினார்.

நடவுப் பாட்டு ஓடியது. நடுவில் டம்ளர் வைக்கும் சத்தம். "என்னங்க..." என்றாள் செல்வநாயகி.

"உஸ், பதிவாவுது" என்று அதட்டியது திருமாலின் குரல்.

அதன்பிறகு கேசட்டு தீரும்வரை பாட்டு மட்டும்தான்.

"அந்த ஒரு எடத்த வுட்டா எவ்ளோ சுத்தமா புடிச்சிருக்கீங்க," என்றார் பழமலைநாதன். "வூட்டுல வேற ஆளு இருந்த மாதிரியே தெரியலீங்க."