கம்பீரத்துக்கு ஒரு மாத்திரை

"அப்பா, கொஞ்சம் எழுந்து நடங்க."

விளக்கு போட்ட பிறகு அந்த வீட்டில் அவரிடம் யாரும் கேட்கக் கூடாத ஒன்று இது. அம்மா மகளுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்த கையோடு இதையும் கற்றுக்கொடுத்திருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க அவர் காலை ஷிப்டைத் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை. கேட்டால் சீனியாரிட்டி என்பார்.

"எதுக்கு?" என்றார், நாற்காலியை விடாமல்.

"பார்க்கத்தான்."

சமையலறையில் அம்மா அடுப்பை அணைத்தாள். ஒரு வார்த்தையையும் தவறவிட அவளுக்கு மனமில்லை.

காலையில் மான்குட்டி மாதிரி ஓடுகிற மகளுக்குச் சாயங்காலமானால் பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும். பாத்திரம் துலக்குகிற நேரம் பார்த்து நடிக்கிறாள் என்று வீடு தீர்ப்புச் சொல்லி, 'அந்திநொண்டி' என்று பட்டமும் கட்டிவிட்டது. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். கல்லூரிப் பட்டத்துக்கு வெகுமுன்பே வாங்கிய பட்டம் இது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவளுடைய மரபணு முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள். ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

"இந்த மாற்றத்தை வேற யார்கிட்டயும் பார்த்ததில்ல. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியல," என்றாள் டாக்டர். "வீட்டுல இதே மாதிரி சாயங்காலம் கால் மடங்குறவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. நடையையும் பார்க்கணும், ரத்தமும் வேணும். அவங்களுக்கும் அதே எழுத்து மாறியிருந்தா பெரிய ஆதாரம். இதுவா இருந்தா, சின்ன மாத்திரையிலேயே நல்லா நடக்கலாம்."

அப்போதே அவளுக்கு அப்பாவின் நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை இப்போது அவரிடம் சொன்னாள்.

"எங்க வம்சத்துல ஒரு கோளாறும் கிடையாது," என்றார் அப்பா. "உங்கம்மா பக்கம் போய்ப் பாரு."

"எங்க பக்கம் எல்லாரும் நடந்து நடந்தே தேஞ்சவங்க," என்றது சமையலறை.

சோபாவில் சாய்ந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தம்பிக்கு வக்காலத்து வாங்கினாள். "அவன் சொல்றது சரிதாண்டி. பொழுது சாஞ்சா எங்கப்பாவும் எழுந்திருக்க மாட்டார், நானும் எழுந்திருக்க மாட்டேன். இருந்த இடத்துலேர்ந்தே அதிகாரம் பண்ணுவோம். அது எங்க கம்பீரம்."

"அத்தை, உங்க கம்பீரத்துக்கு மாத்திரை இருக்காம்."

அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்பாவின் முகம் கறுத்தது. "ரத்தம் குடுத்தா ஊரே என்னை நொண்டின்னு பேசும்."

"என்னை இந்த வீடே பேசுச்சே. அப்ப எங்க போயிருந்தீங்க?"

அவர் முழங்காலைத் தடவினார். "காலையில பார்க்கலாம்."

"காலையில நீங்க குதிரை. டாக்டருக்கு இப்ப இருக்கிற அப்பாதான் வேணும்."

அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். அத்தையை இன்றைக்கு வரவழைத்ததும், வாசலில் வண்டியைக் காக்க வைத்திருப்பதும் சும்மா இல்லை.

"அத்தை, நீங்க வர்றீங்களா?"

"போட்டுப் பார்க்கட்டுமே. எங்க ரத்தம் சொக்கத்தங்கம்னுதான் மெஷின் சொல்லும்," என்றாள் அத்தை. "முதல்ல என்னைத் தூக்கிவிடு."

"அக்கா, நீ பேசாம உட்காரு," என்றார் அப்பா.

"அதான் நீ உட்கார்ந்திருக்கியே, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து."

அவள் அத்தையை அணைத்துத் தூக்கினாள். இரண்டு பேரின் பாதங்களும் உள்பக்கமாகத் திருகிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். வாசல்வரை போகவே பெரும்பாடாக இருந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றார் அப்பா.

"நீங்க வந்து சாத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.