பூவாயி கேட்ட தண்ணீர்

பூவாயியின் வலது கன்னத்துப் புண்ணில் ஓட்டை விழுந்த பிறகு, முத்தியால்பேட்டை மாதா கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. முந்தானையை நாலாக மடித்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டுதான் வருவாள். என்றாலும் மின்விசிறி சுழலத் தொடங்கினால் நாற்றம் பீடம் வரைக்கும் போகும்.

அவள் மீனவக் குப்பத்துக்காரி. தெருத் தெருவாக மீன் விற்றவள். புருஷன் செத்த துக்கத்தில் ஒருநாள் கூடையோடு கோயில் வாசலில் உட்கார்ந்தாள். அதன்பிறகு ஒரு பூசையும் தவறவிட்டதில்லை. மகன் அய்யப்பனுக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் சாமியே உனக்குச் சோறு போடட்டும் என்று வெளியே அனுப்பிவிட்டான். வருகிற ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். அதற்குள் வாயில் புற்று வந்துவிட்டது.

அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவி ஜெயம். அதனால் மற்றப் பெண்கள் ஜெயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"நீதான சேத்துக்கிட்ட? நீயே சொல்லிடு. புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க."

ஜெயம் போனாள். சந்துக்குள் பூவாயியின் ஒற்றை அறை. வாசற்படியைத் தாண்டாமலே பேசினாள்.

"ஒடம்பு தேறுற வரைக்கும் வீட்லயே ஜெபம் பண்ணுங்கக்கா. டிவிலகூட பூசை வருது."

அந்த அறையில் டிவி இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"நாத்தம் தாங்கலயா கண்ணு?" பூவாயியின் பேச்சு பாதி காற்றாக வந்தது.

ஜெயம் தரையைப் பார்த்தாள்.

"எனக்குந்தான் தாங்கல. நான் எங்க எந்திரிச்சிப் போறது, சொல்லு."

அதன்பிறகு பூவாயி வரவில்லை. அவள் பெஞ்சு அடுத்த ஞாயிறே நிறைந்துவிட்டது. அன்றைக்கு வாசகம் லாசரைப் பற்றியது. செத்து நாலு நாளாகிவிட்டது, நாறுமே என்று கூடப்பிறந்தவளே தடுத்தும், கல்லறைக் கல்லைப் புரட்டச் சொல்லிவிட்டு முன்னால் நின்றார் இயேசு. எத்தனையோ முறை கேட்டதுதான். இந்த முறை ஜெயத்தால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோது ஜெயம் வெளியே பார்த்தாள். கேட்டுக்கு அப்பால், நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில் பூவாயி நின்றிருந்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்தன. ஜெயம் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் ஓரடி முன்னால் போனாள். முத்தமிட்டுவிட்டு அவள் வெளியே வந்தபோது அங்கே யாரும் இல்லை.

மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். அறை பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கன்னியப்பன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காலைல ரத்தமா கொட்டுச்சும்மா. நான்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வந்தேன். மவனுக்கு போன் அடிச்சேன், எடுக்கவே இல்ல."

வார்டில் நர்ஸ் கேட்டாள், "பேஷன்டுக்கு நீங்க யாரு?"

"தங்கச்சி."

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று ஜெயத்துக்கே தெரியவில்லை.

"அப்ப இதப் புடிங்க."

கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு நர்ஸ் கட்டைப் பிரித்தாள். ஓட்டை வழியே பல்லும் நாக்கும் தெரிந்தன. உள்ளே புழு நெளிந்தது. ஜெயம் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு, அப்படியே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். திரும்பி வந்து கிண்ணத்தைப் பிடித்தாள். இரக்கத்தால் அல்ல, தங்கச்சி என்று சொல்லிவிட்டதால்.

கட்டுப் போட்டு முடிந்ததும் பூவாயி கண்ணைத் திறந்தாள்.

"தண்ணி," என்றாள்.

ஜெயம் பாட்டிலைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோனாள். பூவாயி தலையை ஆட்டி மறுத்தாள். விரலைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டாள்.

ஜெயத்துக்குப் புரிந்துவிட்டது. சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அன்பியத்தில் அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"நான் வேணாங்கக்கா. சாமியாரக் கூப்புடுறேன். நான்தான ஒங்கள வரவேணான்னு..."

பூவாயியின் விரல் நெற்றியிலிருந்து இறங்கவில்லை.

ஜெயம் தண்ணீரை ஊற்றினாள். பாதி தலையணையில் வழிந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வேறு பெயர் வைக்க மனம் வராமல் பூவாயி என்றே சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தாள்.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை பூவாயி இறந்தாள். யார் சொன்னார்களோ, அய்யப்பன் வந்தான். குப்பத்து ஆட்கள் வேனில் காத்திருந்தார்கள். தங்கள் முறைப்படிதான் எடுப்போம் என்றான். ஜெயம் மறுத்துப் பேசவில்லை. தாயின் முகத்தை மூடியிருந்த துணியை அவன் விலக்கப் போனான். முடியாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"எங்கம்மா கடைசியா எதனா கேட்டுச்சா?"

"தண்ணி கேட்டாங்க."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்," என்றாள் ஜெயம்.

அவன் சுவரோரம் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான்.