ஏரேட்டர் பக்கத்தில் நட்ட குச்சி

காய்ச்சல்காரனை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் நன்றாக இருப்பவன் வாயில் தெர்மாமீட்டரை வைக்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? ஷாஹிந்தா தினமும் பார்க்கிறாள். அவளுடைய அண்ணன் பஸ்யூனிதான் அந்த ஆள்.

எகிப்தின் புருல்லுஸ் ஏரியோரம் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு மீன்குட்டை. ஏழு மாதம் வளர்த்த ஜிலேபி மீன். நாளைக் காலை வியாபாரி வந்து பார்த்து விலை பேசுவதாக ஏற்பாடு.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காட்டுகிற பிலிமை வாங்கி வந்தது அவள்தான். விரல் அகலத் துண்டு. குச்சியில் கட்டித் தண்ணீரில் நட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் நீலம், குறைந்தால் வெளுத்துவிடும். தண்ணீர் அசையாத மேற்கு மூலையில்தான் அவள் நடுவாள். அவள் தலை மறைந்ததும் குச்சி, சக்கரத்தால் தண்ணீரை அடித்துக் காற்றூட்டுகிற ஏரேட்டர் பக்கத்துக்குப் போய்விடும்.

அன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மறுபடி அங்கேதான். கண்ணேறு படாமல் கட்டுகிற நீல மணி மாதிரி பளிச்சென்று நீலம்.

"அண்ணே, இதை யாரு பிடுங்கினது?"

"நான்தான். அந்த மூலையில வெளுத்துப்போய் நிக்குது. கரையில போறவன் வர்றவன்லாம் பாக்குறான். சீக்குக் குட்டைன்னு பேர் வந்தா வியாபாரி பாதி வெலைக்குக் கேப்பான்."

"வெளுத்தா அங்க மீனுக்கு மூச்சு இல்லன்னு அர்த்தம்."

"இங்க நீலமாத்தானே இருக்கு? ஒரே குட்டை, ஒரே தண்ணி."

"சக்கரம் அடிக்கிற இடத்துல நீலமாத்தான் இருக்கும். மூஞ்சிக்கு நேரா விசிறிய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காத்துங்கறியே."

"சரிங்க டாக்டரம்மா. மீன் வந்து உங்ககிட்ட மூச்சு முட்டுதுன்னு சொல்லிச்சாக்கும்."

"அதைச் சொல்லத்தான் பிலிம் வாங்கினேன். நீ அது வாயையும் பொத்திட்ட."

அவளே குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் மேற்கு மூலையில் நட்டாள். பஸ்யூனியின் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பிலிம் வெளுத்தது.

"பாத்தியா?"

"பிலிம் கெட்டுப்போச்சு."

"கெட்டது பிலிம் இல்ல. ஏரேட்டரை இந்தப் பக்கம் இழுத்து வை. ராத்திரி பூரா ஓடட்டும். விடியற நேரத்துலதான் தண்ணியில காத்து ரொம்பக் குறையும்."

"வைக்கிறேன், வைக்கிறேன். நீ வீட்டைப் பாத்துப் போ, புள்ளைங்க பசியோட இருக்கும்."

"வல்லாஹி?"

"வல்லாஹி."

அவன் சத்தியம் செய்த வேகமே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனாள்.

மறுநாள் காலை ஏரேட்டர் பழைய இடத்திலேயே நின்றிருந்தது. குச்சியும் அதன் பக்கத்தில். பிலிம் நீலமாக இருந்ததால் ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு ஏரேட்டரை அணைத்துவிட்டதாக பஸ்யூனி சொன்னான். குட்டை முழுக்க மீன் வயிறு தெரிய மிதந்தது. வியாபாரி வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிப் போனான். அண்ணனும் தங்கையும் மதியம்வரை கூடை கூடையாக அள்ளிக் கரையில் கொட்டினார்கள்.